ஒரு கோடியில் ஒரு பங்கு

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழை வடிந்த அடுத்த வாரம், எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பிளாஸ்டிக் மக்கால் எண்ணெய் மொண்டேன். வீட்டில் குளிக்க வைத்திருப்போமே, அதே மக்தான். மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கிளம்பிய எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றுக்குள் வந்து, படகு, வலை, அலையாத்தி வேர், நாரை இறக்கை என்று ஒன்று விடாமல் அப்பிக்கொண்டிருந்தது. சுமார் 20 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருக்கிறது என்று பேப்பரில் படித்துவிட்டுத்தான் போனேன். கையில் இருந்தது ஒரு மக்.

உண்மையில் நாங்கள் போனது மொள்வதற்கு இல்லை. வாட்ஸாப் குழுவில் கையுறையும் மாஸ்க்கும் தேவை என்று செய்தி வந்தது, ஏழு பேர் காசு போட்டு வாங்கி, மடிப்பாக்கத்திலிருந்து இரண்டு காரில் கொண்டுபோனோம். கொடுத்து முடித்ததும் சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது. மீனவர்கள் எல்லாரும் இடுப்புவரை கறுப்பாக நின்று மொண்டுகொண்டிருக்கும்போது நாம் மட்டும் கரையில் வெள்ளைச் சட்டையோடு எப்படி நிற்பது? பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அந்த வேலை எப்படி என்றால், மக்கைப் படுக்க வைத்து, தண்ணீரின் தோலை மட்டும் உரிப்பதுபோல மெதுவாகத் தள்ள வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தண்ணீர்தான் வரும். கொஞ்சம் தூக்கினால் எண்ணெய் விளிம்பில் வழிந்து மறுபடி ஆற்றுக்கே போய்விடும். மொண்டதைப் பக்கெட்டில் ஊற்றி, பக்கெட்டைப் படகில் இருக்கும் பேரலில் கொட்ட வேண்டும். மூன்று மணி நேரத்தில் நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து அரை பேரல் நிரப்பியிருந்தோம். பெருமையாக எட்டிப் பார்த்தால் மேலே இரண்டு விரல்கடை எண்ணெய், கீழே முழுக்க ஆற்றுத் தண்ணீர்.

பக்கத்தில் இருந்த மீனவர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா சார், ஆத்தையே மொண்டு வெச்சுட்டீங்க." அப்புறம் அவரே சொன்னார், 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதியபோதும் இதே பக்கெட்டுதானாம். "ஆறு வருஷத்துல பக்கெட் கலருதான் சார் மாறியிருக்கு." கால் கழுவ அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். சோப்புக்கு மசியவில்லை. அவர் மனைவி தேங்காய் எண்ணெய் கொடுத்து, துணியால் துடைக்கச் சொன்னார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். அவர்களுக்கு அந்த வாரம் முழுக்க வருமானம் கிடையாது, என்னால் அவர்களுக்கு அரை பாட்டில் தேங்காய் எண்ணெய் செலவு. இதுதான் அன்றைக்கு நான் சுற்றுச்சூழலுக்குச் செய்த சேவை.

வீடு திரும்பும்போது ஓ.எம்.ஆர். சிக்னலில் நின்றபடி யோசித்தது இன்னும் நினைவிருக்கிறது. இத்தனை வருடமாக வீட்டில் செய்துகொண்டிருப்பதும் இதே மக் வேலைதானோ?

ஏனென்றால் நான் அந்த ரகம். 2019 ஜனவரி 1இல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைக்குத் தடை வந்தது, அன்றிலிருந்து துணிப்பையும் தூக்குச்சட்டியும் இல்லாமல் நான் வெளியே கிளம்பியதில்லை. இட்லிக் கடையில் சாம்பாருக்குத் தூக்கை நீட்டும் ஆள் என்றால் எங்கள் தெருவில் நான்தான். அதே வருடக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது ஏ.சி. குழாய்க்கடியில் பக்கெட் வைத்து அந்தத் தண்ணீரில் வீடு துடைத்தோம். நான் ஒரு பக்கெட் சேர்ப்பதற்குள், கோவிலம்பாக்கம் பக்கத்துக் கிணறுகளிலிருந்து உறிஞ்சிய தண்ணீரோடு பத்து டேங்கர் லாரி எங்கள் சாலையைத் தாண்டிப் போயிருக்கும்.

உரம் போடுவதும் அந்த வருடம்தான் ஆரம்பம். ஓட்டை போட்ட மண்தொட்டி மூன்று, தேங்காய் நார்த்தூள், கொஞ்சம் புளித்த மோர். முதல் மாதம் புழு வைத்து, மாடி முழுக்க நாறி, கீழ்வீட்டு மாமி நேரில் வந்து, "ஏம்பா, ஏதாவது செத்துக் கிடக்கா?" என்று கேட்டது வரை எல்லாம் நடந்தது. (புழு வந்தால் பயப்பட வேண்டாம். ஈரம் அதிகம் என்று அர்த்தம். நார்த்தூள் இரண்டு கை சேர்த்துக் கிளறிவிட்டால் ஒரு வாரத்தில் அடங்கிவிடும்.) பழகிய பிறகு நன்றாகவே வந்தது. எங்கள் வீட்டு ஈரக்குப்பை நாளைக்கு அரை கிலோ, அத்தனையும் தொட்டிக்குள்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், அதனால் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னையில் ஒரு நாளைக்குச் சேரும் குப்பை சுமார் 5,000 டன் என்று சொல்கிறார்கள். அதாவது 50 லட்சம் கிலோ. என்னுடையது அரை கிலோ. ஒரு கோடியில் ஒரு பங்கு. ஆபீசில் இவ்வளவு சின்ன வித்தியாசம் வந்தால் ரவுண்டாஃப் என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம்.

சரி, ஈரக்குப்பைதான் தூசி, உலர்குப்பையையாவது ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கிறோமே என்று ஒரு சமாதானம் இருந்தது. பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் கொடுப்போம். பேட்டரி வண்டியில் வரும் அக்கா அதை ஒரு பக்கமும் மற்றதை ஒரு பக்கமும் போடுவார். ஒரு சனிக்கிழமை, பால் கவரோடு தவறுதலாக ஒரு சாவிக்கொத்து போய்விட்டது, அதைத் தேடி வண்டிக்குப் பின்னாலேயே ஓடினேன். தெருமுனையில் பெரிய லாரி நின்றது. அக்கா வண்டியைப் பின்பக்கம் திருப்பினார், இரண்டு பக்கமும் ஒரே வாய்க்குள் போனது. லாரி அமுக்கியது. அவ்வளவுதான்.

நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. "எங்க வண்டில ரெண்டு ரூம் இருக்குது சார், லாரில ஒண்ணுதானே இருக்கு. நா இன்னா பண்ண?" தினமும் நூற்றுக்கணக்கான வீட்டில் நின்று, பிரி பிரி என்று கெஞ்சி, பிரித்ததைத் தன் கையாலேயே கலக்கிவிட்டு வருகிற அவரிடம் நான் என்ன கோபப்படுவது. சாவி கிடைக்கவில்லை.

இந்த இரண்டு சம்பவத்துக்கும் பிறகு கொஞ்ச நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். அதையும் சொல்ல வேண்டும். கார்பன் தடம் என்று நம் ஒவ்வொருவர் தலையிலும் ஏற்றிய கணக்கை 2000களில் விளம்பரம் செய்து பரப்பியதே பிரிட்டிஷ் பெட்ரோலியம் என்ற எண்ணெய் நிறுவனம்தான் என்று படித்தபோது பற்றிக்கொண்டு வந்தது. எண்ணெய் எடுத்து விற்பவன், உன் தடம் எவ்வளவு என்று என்னைக் கேட்கிறான். நானும் மெனக்கெட்டு இணையத்தில் போய் அதைக் கணக்குப் போட்டிருக்கிறேன்! 2020இல் உலகமே வீட்டுக்குள் முடங்கியது, விமானம் இல்லை, ஆபீஸ் இல்லை, கல்யாணத்துக்கு ஐம்பது பேர். எந்தத் தனிமனிதத் தியாகமும் அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. அந்த வருடம் உலகத்தின் கார்பன் டை ஆக்சைடு குறைந்தது சுமார் 5 சதவீதம், அடுத்த வருடமே ஏறக்குறைய பழைய இடத்துக்குப் போய்விட்டது. இதை வைத்துக்கொண்டு என் தூக்குச்சட்டி என்ன செய்யும்?

ஆகவே தூக்கு பரணுக்குப் போனது, உரத்தொட்டி காய்ந்தது, ஹோட்டல் சாம்பார் கவரில் வந்தது. இரண்டு மாதம். பூமிக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்குத்தான் தெரிந்தது. குப்பைக்கூடை இரண்டாம் நாளே நாறியது, மொட்டை மாடிக் கறிவேப்பிலை வெளுத்தது, சூடான சாம்பார் கவரைப் பிரிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்ட மனைவி, "உங்க துக்கத்தை வேற எங்கயாவது வெச்சுக்கங்க, எனக்கு என் தூக்கு வேணும்" என்று பரணிலிருந்து தானே இறக்கிவிட்டார். அன்றிலிருந்து உரம் போடுவது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. யாராவது பல் தேய்த்துவிட்டு உலகத்தைக் காப்பாற்றினேன் என்பார்களா? வீடு நாறாது, செடிக்கு உரம் ஆச்சு. இதற்குமேல் அதன் தலையில் எதையும் ஏற்றுவதில்லை. இப்படி வைத்துக்கொண்ட பிறகு, பிரிக்காமல் குப்பை போடும் எதிர்வீட்டுக்காரர்மேல் இருந்த எரிச்சலும் போய்விட்டது. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லி மாளாது.

ஆனால் ஊர் அளவில் எதுவுமே மாறவில்லையா என்றால், மாறியதைப் பார்த்தும் இருக்கிறேன். 2003இல் ஜெயலலிதா ஆட்சியில் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினார்கள். அதற்குமுன் எத்தனையோ பேர் வருடக்கணக்கில் நல்ல வார்த்தை சொல்லியும் அசையாத என் அப்பா, கெடு வைத்துக் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றதும் மறுவாரமே கொத்தனாரைக் கூப்பிட்டார். திட்டிக்கொண்டேதான் குழி வெட்டினார். அடுத்தடுத்து வந்த நல்ல மழையில் கிணற்றில் தண்ணீர் ஏறியதும் தெரு முழுக்கத் தன் யோசனை மாதிரியே பேசிக்கொண்டு திரிந்தார். 2022இல் நீலகிரியில் இன்னொன்று நடந்தது. உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு டாஸ்மாக்கில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அதைத் திருப்பித் தர ஆரம்பித்தார்கள். யானை நடக்கும் காட்டில் பாட்டிலை உடைக்காதீர்கள் என்று போர்டு வைத்து நடக்காதது, 10 ரூபாயில் நடந்தது. பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பி வந்தன. குடிப்பவர்களில் யாரும் மனம் திருந்தவில்லை.

இதெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் கல்யாண மண்டபம் கண்ணில் பட்டது. இருபது வருடமாக அங்கேதான் இருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. முகூர்த்தம் முடிந்த காலையில் மண்டபத்துப் பின்வாசலில் எச்சில் இலையும் சோறும் தொட்டி தொட்டியாக வழியும். சமையல் மாஸ்டர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஆயிரம் இலை விழுந்தால் முந்நூறு கிலோவுக்குக் குறையாது என்றார். என் வீட்டில் ஒரு வருடம் முழுக்கச் சேர்வது 180 கிலோ.

அப்போது நடைமுறையில் இருந்த 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடம் பெரும் கழிவு உற்பத்தியாளர். அவர்கள் ஈரக்குப்பையை முடிந்தவரை தங்கள் இடத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும். விதியை அச்செடுத்துக்கொண்டு மண்டப மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். மரியாதையாக உட்காரவைத்து, காபி கொடுத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு முழுதாகப் படித்தார். பிறகு சொன்னார், "சராசரின்னு போட்டிருக்கு பாருங்க சார். ஆடில ஒரு கல்யாணம் கிடையாது, மார்கழில கிடையாது. சராசரி எடுத்தா நமக்கு நூறு வராது." கணக்குப் பிழைப்பு எனக்கு, ஆடி மாதத்தைக் கழிவுக் கணக்கில் சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

அடுத்து செய்தது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு. இதில் நான் பட்டு அறிந்த ஒன்று, "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் பதில் வராது. என் முதல் மனு அப்படித்தான் வீணாகப் போனது. ஏன், எதற்கு என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்கும் ஆவணம் இல்லை, அதனால் தட்டிக்கழித்துவிடலாம். நகல் கேட்க வேண்டும். எங்கள் வார்டில் பெரும் கழிவு உற்பத்தியாளர் பட்டியலின் நகல், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை லாரியின் எடைமேடை ரசீதுகளின் நகல், இப்படி. 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும் தபாலில் அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் கிடையாது. பெரும்பாலும் மேல்முறையீட்டுக் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகுதான் முதல் பதிலே வரும். இன்னொன்று, ஒரு மனுவில் பத்துக் கேள்வி கேட்காதீர்கள். இரண்டு போதும்.

பட்டியல் வந்தது, அதில் மண்டபம் இல்லை. இதற்கிடையில் மேனேஜரே ஒரு நாள் பேச்சுவாக்கில், போன வருடம் நூற்று முப்பது விசேஷம் நடந்தது என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். நூற்று முப்பதை முந்நூறால் பெருக்கி 365ஆல் வகுத்தேன். ஆடி, மார்கழி எல்லாம் சேர்த்து சராசரி 106.8. ஏழு கிலோவில் ஜெயித்தேன்.

அந்தக் கணக்கையும், நடைப்பயிற்சியில் எடுத்த தேதி போட்ட படங்களையும், தெருவில் பதினான்கு பேர் கையெழுத்தையும் சேர்த்துப் பகுதி சபைக் கூட்டத்தில் கொடுத்தோம். கையெழுத்து வாங்கப் போனதில் ஒன்று புரிந்தது. சுற்றுச்சூழல் என்று ஆரம்பித்த வீட்டில் எல்லாம் "அப்புறம் பார்க்கலாம்", கொசு என்று ஆரம்பித்த வீட்டில் உடனே பேனா. கீழ்வீட்டு மாமி முதல் கையெழுத்து, அதுவும் நாற்றத்துக்காக. பிறகு ஒன்பது மாதம் ஓடியது, மூன்று நினைவூட்டல் கடிதம், ஒரு சண்டை. அலுத்துப்போய் விட்டுவிடலாம் என்று இரண்டு முறை தோன்றியது. மண்டபத்தில் இப்போது நான்கு உரத்தொட்டி கட்டியிருக்கிறார்கள்.

வருடத்துக்கு 39 டன். என் மாதிரி இருநூறு வீடு சேர்ந்து தினமும் தொட்டி கிளறினாலும் வராத அளவு. அதேசமயம் ஊர்க் கணக்கில் வைத்துப் பார்த்தேன், பழக்க தோஷம். சென்னை பதினோரு நிமிடத்தில் போடும் குப்பை அது. பெருங்குடிக் குப்பைமேட்டுப் பக்கம் போனால் இன்னும் அதே வாடைதான், அதற்கு ஒட்டினாற்போல் இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறிய பிறகும். லாரியில் இரண்டு அறை வந்ததா என்று கேட்காதீர்கள். எடைமேடை ரசீதுக்கான மேல்முறையீடு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அன்றைக்குக் கால் கழுவக் கூட்டிப்போன எண்ணூர் மீனவர் அண்ணனோடு போனில் பேசுவதுண்டு. 330 ஏக்கர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்துக்காக 2023 செப்டம்பரில் வைத்திருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டதே, அந்தச் சமயத்தில் அவர்கள் ஊரில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை வரி வரியாகப் படித்த கதையை ஒருமுறை சொன்னார். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு 30 நாள் முன்னால் அறிவிப்பு கொடுக்க வேண்டும், நேரில் போக முடியாதவர்கள் எழுத்தில் கருத்து அனுப்பலாம், பேசியது பதிவாக வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த முறை மொள்ள வரவா என்று கேட்டேன். "அது நாங்க பாத்துக்கறோம் சார், நீங்க லெட்டர் எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்து நல்லா இருக்கு" என்றார். அந்தப் பேன்ட் இன்னும் பீரோவில் இருக்கிறது, முழங்காலுக்குக் கீழே கறை போகவே இல்லை.

போன மாதம் மண்டபத்து மேனேஜர் கூப்பிட்டு, "நீங்க ஆரம்பிச்சு வெச்சது சார்" என்று ஒரு மூட்டை உரம் கொடுத்தார். சந்தோஷமாகத் தூக்கிவந்து மாடியில் இருக்கும் கறிவேப்பிலைக்கு இரண்டு கை அள்ளிப் போட்டேன். பத்து நாளில் நுனி கருகி, இலை கொட்டி, செடி பட்டுப்போய்விட்டது. சாம்பார், ஊறுகாய், அப்பளம் எல்லாம் இலையோடு சேர்ந்து போகிறது, அத்தனை உப்பும் உரத்தில் இறங்கிவிட்டது. சமையல்கட்டுக் காய்கறித் தோலையும் எச்சில் இலையையும் தனித்தனித் தொட்டியில் போட்டால் சரியாகலாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே வளைகாப்பு ஒன்று இருக்கிறது, அதற்குள் மேனேஜரிடம் பேச வேண்டும். மனைவி இப்போதைக்குக் கறிவேப்பிலையைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார், அதுவும் பிளாஸ்டிக் கவரில்தான் வருகிறது.